கடலோரத்துப் பழைய வண்டிக்கு ஹீட் ஏறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரையை ஒட்டி ஓடுகிற பழைய வண்டிக்கு ஹீட் ஏறினால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. அதற்கும் அடங்கவில்லை என்றால் வாட்டர் பம்ப், பிறகு ரேடியேட்டர். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் என்றாவது பழுது தீரும். அதற்குள் சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட் வளைந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: ஹீட் மீட்டர் ஊசி எப்போது ஏறுகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, காலையில் கிளப்பிய ஐந்தாவது நிமிடத்திலா? ஓட்டுகிறவர் இதைக் கவனித்துச் சொல்லிவிட்டால் தேட வேண்டிய இடம் கால்வாசியாகச் சுருங்கிவிடும். அதோடு இந்தக் கரையில் உப்பையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வழியாக இன்ஜினுக்குள் போகிறது, காற்று வழியாக ரேடியேட்டர் தகட்டைத் தின்கிறது, ஒயர் முனையில் பூத்து மின்சாரத்தைத் தடுக்கிறது. உள்நாட்டில் பத்து வருடம் உழைக்கிற பாகம் இங்கே அத்தனை நாள் தாங்காது.

ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டால்

ஏசியை அணையுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழு வேகத்தில் திறந்து வையுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். பாம்பன் பாலத்துக்கு முன்பே ஊசி ஏறத் தொடங்கினால் பாலத்தில் ஏறாதீர்கள். அது 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஒதுங்கி நிற்க இடம் கிடையாது, விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகளால் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். கரையிலேயே நிறுத்திவிடுங்கள்.

இன்ஜினை அணைத்ததும் பானெட்டைத் திறக்கலாம், ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளின் மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். பிறகு தடித்த துணி போட்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருகி, சீறல் நின்றபின் முழுதாகத் திறங்கள்.

தண்ணீர் வற்றிக் கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது ஹெட்டைக் கையால் உடைப்பதற்குச் சமம். ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி, மறுபக்கம் விரிந்தபடியே இருந்தால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விழும். ஆறட்டும்.

முதலில் ஊசி உண்மை சொல்கிறதா என்று பாருங்கள்

கொதிக்கும் சத்தம் இல்லை, ஆவி இல்லை, மேல் ஹோஸ் கையில் பிடிக்கிற சூட்டில்தான் இருக்கிறது, ஆனால் ஊசி சிவப்பில் நிற்கிறது என்றால் இன்ஜினைச் சந்தேகிக்காதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் ஊசி நகர்ந்தால் பழுது எர்த்தில் இருக்கிறது. மீட்டரும் விளக்கும் ஒரே எர்த்தைப் பங்குபோடும் வண்டிகளில் அந்த போல்ட்டின் அடியில் உப்புப் பூத்துவிட்டால் இப்படித்தான் ஆடும்.

அடுத்து, சென்சார் ஒயரைப் பிடுங்குங்கள். பழைய ஒற்றை ஒயர் சென்சாரில் சூடு கூடக் கூட மின்தடை குறையும். ஒயரைப் பிடுங்கினால் ஊசி குளிர் பக்கம் விழ வேண்டும். விழாமல் சூட்டிலேயே நின்றால் ஒயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது, அல்லது மீட்டரே கெட்டுவிட்டது. மீன் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து சொட்டி ஒயர் கட்டுக்குள் இறங்கிவிடும்.

சந்தேகம் தீர இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. பளபளப்பான அலுமினியத்தில் காட்டினால் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் கழுத்துப் பகுதியில் 85 முதல் 95 டிகிரி வரை இயல்பு.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஊசி ஏறி, கேட் திறந்து வேகம் பிடித்ததும் தானாக இறங்கினால் ரேடியேட்டரும் பம்பும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. காற்றுதான் கிடைக்கவில்லை. ஃபேனைப் பாருங்கள்.

மின்சார ஃபேன் என்றால் வண்டியை நிறுத்தி ஓடவிட்டுக் காத்திருங்கள். சூடு 92 முதல் 98 டிகிரியைத் தொடும்போது ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் ரேடியேட்டரில் உள்ள தெர்மோ சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஒற்றை முனை சுவிட்ச் என்றால் அந்த ஒயரை எர்த்தில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச்தான் பழுது. அப்போதும் சுற்றாவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக ஃபேன் மோட்டாருக்குக் கொடுங்கள். சுற்றினால் ரிலேவிலோ ஒயரிலோ குறை, சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. இந்தச் சோதனையின்போது கையும் சட்டையும் ஃபேனிலிருந்து விலகியே இருக்கட்டும். இக்னிஷன் அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும்.

பிளக்கைப் பிடுங்கியதும் முனைகளை உற்றுப் பாருங்கள். பித்தளை மஞ்சளாக மின்ன வேண்டிய இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து, ஓரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் பாகம் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிப் பூட்டினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். களிம்பு ஒயரின் உறைக்குள்ளும் ஏறியிருக்கிறதா என்று அரை அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்புக் கம்பி கறுத்திருந்தால் நல்ல நிறம் தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள்.

எர்த்தையும் அளந்துவிடுங்கள். ஃபேன் சுற்றும்போது மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகடிவில், மறுமுனை ஃபேனின் எர்த் போல்ட்டில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் உப்பு உட்கார்ந்திருக்கிறது. ஃபேன் சுற்றுவதுபோல் தெரியும், ஆனால் காற்று பாதிதான் வரும்.

பழைய ஜீப், சுமோ, பொலிரோ வகையில் பெல்ட்டில் சுற்றும் ஃபேன். பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. வரை தாழலாம், அதற்கு மேல் கூடாது. கிளப்பும்போது கிறீச்சென்று கத்தினாலும் பெல்ட் வழுக்குகிறது என்றுதான் பொருள். விஸ்கஸ் கப்ளிங், அதாவது சிலிகான் எண்ணெயின் பிடிப்பில் சுற்றும் இணைப்பு, உள்ள ஃபேனை, இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டுக் கையால் சுற்றுங்கள். தடையோடு நகர வேண்டும். இரண்டு மூன்று சுற்று தளதளவென்று ஓடினால் உள்ளிருந்த சிலிகான் எண்ணெய் கசிந்துவிட்டது, கப்ளிங்கை மாற்றத்தான் வேண்டும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடை, அதாவது ஷ்ரவுட், உடைந்து யாரோ கழற்றிப்போட்டிருக்கலாம். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். அதை மறுபடி மாட்டுங்கள்.

ஓடினால் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது

இந்தக் கரையில் அதிகம் வருகிற புகார் இதுதான். ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டி, ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கி 70, 80 வேகத்தில் போனால் ஏறும். ஃபேன் மேல் குற்றமில்லை. இன்ஜின் உண்டாக்கும் சூட்டை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை.

முதலில் வெளியே. முன்பக்கம் ஏசி கண்டன்சர் இருந்தால் அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். சீமைக்கருவேல இலை, மணல், பூச்சி எல்லாம் கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், பிறகு காற்றே புகாது.

கழுவிய பிறகு நகத்தால் ஒரு தகட்டைத் தொட்டுப் பாருங்கள். இதைத் தவறாமல் செய்யுங்கள். நல்ல தகடு வளைந்து நிமிரும். உப்புத் தின்ற தகடு பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி, விரலில் சாம்பல் நிறப் பொடியாக ஒட்டும். கீழ்ப்பகுதியில்தான் இது முதலில் தொடங்கும், சக்கரம் வாரியடிக்கும் ஈரம் படுகிற இடம் அது. இதில் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. தகடு முழுதாகத்தான் தெரியும், ஆனால் குழாயோடு ஒட்டிய இடத்தில் அரித்து விட்டுப்போயிருக்கும். குழாயைத் தொடாத தகடு சூட்டை வாங்காது. பழைய செம்பு ரேடியேட்டரில் குழாயின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு தெரிந்தால் இதுதான் நடக்கிறது. இந்த நிலைக்கு வந்த கோரை, அதாவது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியை, கழுவியும் பயனில்லை, குழாய்க்குள் கம்பி விட்டு ராடிங் செய்தும் பயனில்லை. கோர் மாற்றுவதுதான் வழி.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு தனுஷ்கோடிக்கு நேராகவே வண்டியில் போகிறோம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை. ஒரு நடை போய்வந்தால் ரேடியேட்டர் முகத்தில் உப்புத் தூறல் காய்ந்து நிற்கும். திரும்பியதும், இன்ஜின் ஆறியபின் இரண்டு குடம் நல்ல தண்ணீரால் அலசிவிடுவது கோரின் ஆயுளைக் கூட்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரால் அலசினால் உப்பின் மேல் உப்பு.

வெளியே சுத்தம் என்றால் அடைப்பு உள்ளே. இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக தெர்மாமீட்டரால் அளங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராக இறங்கிவர வேண்டும், மொத்த வித்தியாசம் 8 முதல் 15 டிகிரி வரை இருக்கலாம். நடுவில் ஒரு திட்டு மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. உப்புக்கல் அடைத்திருக்கிறது.

அடைப்பு இல்லையா? துணைக்கு ஒருவரை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்லி, கீழ் ஹோஸைப் பாருங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். ரப்பர் இளகியிருந்தால், உள்ளிருந்த ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால், வேகம் கூடும்போது ஹோஸ் சப்பையாகிவிடும். வேகம் குறைந்ததும் பழையபடி உருண்டைக்கு வந்துவிடுவதால் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

வாட்டர் பம்பையும் விடக் கூடாது. கசிந்தால் அடியிலுள்ள சிறு துளை காட்டிக்கொடுக்கும். கசியாமலேயே கெடும் பம்புதான் தொல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே சுழலும் இறக்கைகள் கரைந்து மொட்டையாகியிருக்கும். வெளியே புல்லி சுற்றும், சத்தம் இருக்காது, தண்ணீர் மட்டும் நகராது. கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

கூலிங் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் ஏறினால் சக்கரத்துக்குப் போங்கள். கடலோரத்தில் பிரேக் காலிப்பர் பின்னும் ஹேண்ட்பிரேக் கேபிளும் துருவேறி இறுகும், பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் டிரம், டிஸ்க் சூட்டையும் அளங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகச் சுட்டால் இன்ஜின் அந்தப் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

காற்றின் திசையையும் கணக்கில் எடுங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் கிழக்கே மண்டபம் நோக்கிப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், ரேடியேட்டர் முகத்துக்கு வரும் காற்று குறையும். திரும்பும்போது எதிர்காற்று, இன்ஜினுக்குச் சுமை கூடும். ஒரு திசையில் மட்டும் ஊசி கொஞ்சம் கூட நிற்பதை வைத்துப் பாகம் மாற்றத் தொடங்கிவிடாதீர்கள். ஆனால் நல்ல ரேடியேட்டர் இந்த வித்தியாசத்தைத் தாங்கும். சிவப்புவரை போகிறது என்றால் அதற்குத் தாங்கும் தெம்பு குறைந்திருக்கிறது.

கிளப்பிய சில நிமிடத்திலேயே ஏறுகிறது

மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் குளிர்ந்து கிடக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது என்று முதலில் எண்ணலாம். கழற்றி, அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியைப் பாருங்கள். 82 என்று இருக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, 95ஐத் தொடும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

“நம்ம ஊர் வெயிலுக்கு வால்வே வேண்டாம், கழற்றிப் போடு” என்கிற யோசனையை ஏற்காதீர்கள். வால்வு இல்லாத இன்ஜின் சூடேற நேரமெடுக்கும், டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது பைபாஸ் பாதையை அதன் அடித்தட்டு மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றி, முன்னைவிட அதிகமாகச் சூடேறும்.

சமீபத்தில் தண்ணீர் மாற்றியிருந்தால், காற்று உள்ளே சிக்கி வழியை அடைக்கும் ஏர் லாக்காக இருக்கலாம். வண்டியின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி மேட்டில் ஏற்றி, ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, ஹீட்டரைத் திறந்து, ஐடிலில் விடுங்கள். குமிழ் வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். கீழ் ஹோஸ் சுட்டு, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை விட்டு, பிறகு மூடுங்கள்.

குமிழ் நிற்கவே இல்லை என்றால் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

தண்ணீர் குடிக்கிறது, கசிவு தெரியவில்லை

இரவு முழுதும் ஆறிய வண்டியைக் காலையில் கிளப்பி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடியுங்கள். தண்ணீர் இன்னும் சூடேறவே இல்லை, அதற்குள் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல். மூடியைத் திறந்து கிளப்பினால் விடாமல் குமிழ் வரும். பட்டறையில் நீல நிறச் சோதனைத் திரவம் இருந்தால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கலாம், எரிந்த வாயு இருந்தால் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாக, டீசல் வண்டியில் பச்சையாக மாறும். ஆயில் ஸ்டிக்கில் பால் ஊற்றிய காபி நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் கேஸ்கெட் அந்த இரண்டுக்கும் நடுவே வெந்திருக்கிறது.

ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட் மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். நேர்க்கம்பியும் ஃபீலர் கேஜும் வைத்து நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை அளக்கச் சொல்லுங்கள். சிறிய அலுமினிய ஹெட்டுக்கு 0.05 மி.மீ.தான் பொதுவான எல்லை. தாண்டினால் முகத்தைச் சீவிச் சமப்படுத்தும் ஃபேஸ் கட்டிங் தேவை. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில், நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், அந்த இன்ஜினுக்குச் சொன்ன அளவில் முறுக்க வேண்டும். கை அளவு போதும் என்று முறுக்கிய ஹெட் மறுபடி ஊதும்.

குமிழ் இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் மூடியைச் சந்தேகியுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் சூட்டில் ஆவியாகப் போய்விடும், தரையில் சொட்டாது. பிறகு வெல்ஷ் பிளக்குகள் (இன்ஜின் பிளாக்கின் துளைகளை அடைக்கும் வட்டத் தகடுகள்), ஹீட்டர் ஹோஸ், கிளிப் அடிவாரங்கள். வெள்ளை அல்லது பச்சை உப்புக் கோடு எங்கே காய்ந்து நிற்கிறதோ அங்கேதான் கசிவு. பிரஷர் பம்ப் இருந்தால் ஆறிய வண்டியில் மூடியில் எழுதிய அழுத்தம் வரை ஏற்றி, ஐந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

எந்தத் தண்ணீர்

ராமநாதபுரம் கரையில் ரேடியேட்டரைக் கொல்வது முக்கியமாக இதுதான். வழியில் கிடைத்த அடிபம்பில் பிடித்து ஊற்றுகிறார்கள். அதிலுள்ள கடினத்தன்மை சூட்டில் கல்லாகப் படிகிறது, குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடுகிறது. விசைப்படகு இன்ஜின் கடல் தண்ணீரிலேயே ஓடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பல படகுகளில் கடல் தண்ணீர் தனிக் குழாயில் ஓடி இன்ஜின் தண்ணீரைக் குளிர வைக்கிறதே தவிர, இன்ஜினுக்குள் போவதில்லை. கடல் நீர் ஓடும் பக்கத்தில் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளத் துத்தநாகக் கட்டைகள் போட்டு, தேயத் தேய மாற்றுகிறார்கள். உங்கள் வண்டியில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை.

டிஸ்டில்ட் வாட்டரும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் சரிபாதி. இங்கே உறைபனி கிடையாது, ஆனாலும் கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துக்காகவும் கொதிநிலை உயர்வதற்காகவும் அது வேண்டும். கலக்காமல் வரும் அடர் கூலன்ட்டா, கலந்தே வருவதா என்று டப்பாவைப் படியுங்கள். கலந்ததில் மேலும் தண்ணீர் சேர்த்தால் மருந்து நீர்த்துப்போகும். நிறத்தை நம்பி இரண்டு வகையைக் கலக்காதீர்கள், நிறம் தரத்தின் அடையாளம் அல்ல. அவசரத்துக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஊற்றலாம், சுத்தமான ஓட்டுக் கூரையில் பிடித்த மழைத்தண்ணீரும் ஆகும். காவிரிக் குடிநீர் அதற்கடுத்து. எதை ஊற்றினாலும் வீடு வந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள்.

உள்ளே படிவம் பிடித்துவிட்டால் தண்ணீரை வடித்து, லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து நிரப்பி, இயல்பான சூட்டில் 15 நிமிடம் ஐடிலில் ஓட்டி, ஆறவைத்து வடியுங்கள். பழுப்பாக வரும். நல்ல தண்ணீரால் தெளிவாக வரும் வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். இன்னொன்று: நொந்துபோன பழைய ரேடியேட்டரில் படிவமே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். கழுவியதும் ஒழுகத் தொடங்கினால் கழுவியது தவறல்ல, கோரின் காலம் முடிந்துவிட்டது.

வடித்த கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். கேனில் பிடித்து மூடிவையுங்கள்.

வேலை முடிந்ததும்

ஓவர்ஃப்ளோ பாட்டிலில் ஆறிய மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முதலில் ஏசி இல்லாமல் 10 கிலோமீட்டர், பிறகு ஏசியோடு நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர், கடைசியில் நிறுத்தி 15 நிமிடம் ஐடிலில். மூன்றிலும் ஊசி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஃபேன் சுற்றிச் சுற்றி நிற்க வேண்டும். மறுநாள் காலை ஆறிய நிலையில் கோட்டைப் பாருங்கள். காற்று வெளியேறியதால் ஒருமுறை கொஞ்சம் இறங்கலாம், ஊற்றிச் சரிசெய்யுங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் ‘தண்ணீர் குடிக்கிறது’ பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.